பொது மருத்துவமனைக்குக் காய்ச்சல் கண்ட வரலாறு

வெண்சங்குத் தீவு நாட்டின் கொற்றந்துறைப் பட்டினத்தில், அந்நாட்டின் முதல் பொது மருத்துவமனையின் ஏழாம் எண் கட்டிலில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பணியாற்றி, இன்று எண்பத்திரண்டு வயது நிரம்பப்பெற்ற செண்பகம் மகன் அருமைநாயகம் என்னும் நான், கண் தெளிவாகவும் கை நடுக்கமின்றியும் இருக்கும் இந்நாளில், மேற்படி மருத்துவமனைக்குக் காய்ச்சல் கண்டதும், அது நூறு நாளுக்கு மேல் நீடித்ததும், பின்பு தணிந்ததுமாகிய வரலாற்றை, அன்று அதன் வெப்பத்தை நாளொன்றுக்கு நான்கு வேளை அளந்து குறித்தவன் என்ற உரிமையால் எழுதி வைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் சென்றவனல்லன். மருந்துப் புட்டிகளின் சீட்டுகளில் எழுத்துக் கூட்டியும், நோயாளிகள் விட்டுச் சென்ற செய்தித்தாள்களில் வாக்கியம் பழகியும் கற்றவன். ஆயினும் நான் குறித்த எண்களில் ஒன்றைக்கூட எங்கள் பெரிய டாக்டர் திருத்தியதில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னரும் எங்கள் நாட்டில் மருத்துவமனைகள் இருந்தன. மேட்டில் கப்பல்காரர்களுக்கு ஒன்றும், கோட்டைக்குள் சிப்பாய்களுக்கு ஒன்றும் இருந்தன. அவற்றின் காவலாளிகள் வருபவரின் காலில் செருப்பு உண்டா என்று பார்த்தே கதவைத் திறப்பார்கள். ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டு வாந்திபேதி வந்தபோது செருப்பில்லாதவர்கள் படகுத்துறை மணலில் வரிசையாகக் கிடந்து மாண்டார்கள். மறு ஆண்டு ஊர் கூடிற்று. வீட்டுக்கு ஒரு கல் என்று, கடலுக்கடியிலிருந்து அறுத்தெடுக்கும் வெள்ளை முருகைக்கல்லைத் தலையிலும் தோளிலும் சுமந்து வந்து, மீன்காரர் மீனையும், தச்சர் உளியையும், நெசவாளர் தறியில் ஓடும் நாடாவையும், மரைக்காயர் பிறையையும், அவரவர் கல்லில் அவரவர் அடையாளமாகக் கொத்தி, அடுக்கி, கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் கலந்த சுண்ணாம்பால் பூசி மறைத்து, எவர் கல் எங்கிருக்கிறது என்று எவருக்கும் தெரியாதபடி ஒரே வெள்ளைச் சுவராக்கிவிட்டார்கள். வாசலில் ஒரு கருங்கல்லை நட்டு மூன்று வரிகளை வெட்டினார்கள். வந்தவரை யார் என்று கேளாதே, என்ன நோவு என்று கேள் என்பது முதல் வரி. காய்ச்சல் தணியும் மட்டும் நோயாளியை இடம் பெயர்க்காதே என்பது இரண்டாம் வரி. குணமானவரை அழைத்துச் செல்ல வந்தவர் வசம் ஒப்படை என்பது மூன்றாம் வரி.

இம்மூன்றாம் வரியால் நான் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. என் தாய் செண்பகம் என்னைப் பெற்ற ஆறாம் நாள் காலமானாள். குழந்தை நலமாகவே இருந்தது. ஆனால் பதிவேட்டில் ‘அழைத்துச் செல்பவர்’ என்ற கட்டத்தில் கையொப்பமிட எவரும் வரவில்லை. எனவே நான் தொட்டிலிலிருந்து குழந்தைகள் வார்டுக்கும், அங்கிருந்து மருந்துக் கிடங்கின் பக்கத்து அறைக்கும் வளர்ந்தேன். பதினெட்டு வயதில் காக்கி உடுப்பு தந்து ஆர்டர்லி ஆக்கினார்கள். அதன்பின் ஊழியர் பட்டியலில் ஒரு பெயராகவும், நோயாளிப் பதிவேட்டில் இன்னும் அனுப்பப்படாத ஏழாம் கட்டில் குழந்தையாகவும் இருவகையில் அங்கே இருந்தேன்.

இனி எங்கள் ஊரார் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் எவரும் ஒரு வீட்டை விட்டுப் புறப்படுகையில் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்றே சொல்வர். ஆனால் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதை யார் விரும்புவார்? ஆகவே குணமடைந்தவர்கள் ‘போறேன்’ என்று சொல்ல மனம் வராமலும், ‘வரேன்’ என்று சொல்லத் துணிவு வராமலும், எதுவும் சொல்லாமல், திரும்பியும் பாராமல், வாசலைத் தாண்டியதும் வேகமாக நடந்தார்கள். வாய் தவறுகிறவர்களை உறவினர் தொடையில் கிள்ளினார்கள். பணி முடிந்து வீடு செல்லும் நர்சுகள்கூட ‘டூட்டி முடிஞ்சுது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவ்வாறு நூற்றோராண்டுக் காலம், அவ்வூரில் பாதிப் பேர் பிறந்ததும் எல்லோரும் ஒருமுறையேனும் பிழைத்ததுமாகிய அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், போனவர் எவரும் வருவதாகச் சொல்லிப் போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு சித்திரையில், ஊரின் மறுகோடியில் ஐந்து மாடிப் புதிய மருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தபோது, பழைய கட்டடத்தை ஆடி முடிவதற்குள் இடித்துக் கல்லைத் துறைமுகச் சாலைக்குக் கொட்டுவதென்று தலைநகரிலிருந்து ஆணை வந்தது. வந்த மூன்றாம் நாள் காலையில், பெண்கள் வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, சுவரில் கை வைத்து எழுந்தவர், வைத்த கையை எடுக்காமல், “நாயகம், சிஸ்டரைக் கூப்பிடு. இதுக்கு உடம்பு சுடுது” என்றார்.

தலைமை நர்சு எமிலி ஞானமுத்து, எங்கள் எல்லோருக்கும் சிஸ்டரம்மா, புறங்கையால் சுவரைத் தொட்டார். பிறகு தூணைத் தொட்டார். பிறகு, காய்ச்சலா என்று தெரியாதபோது தாய்மார் செய்வதுபோலத் தம் கன்னத்தை வைத்துப் பார்த்தார். “நூறு இருக்கும்,” என்றார். பரிசோதனைக் கூடத்து நீண்ட கண்ணாடி வெப்பமானியைத் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையிலிருந்த இடுக்கில், அதுவே அதன் அக்குள் என்று முடிவு செய்து, செருகினோம். நூறு புள்ளி இரண்டு. வாசலுக்கு வந்தவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பது விதியாதலால், வாசலாகவே இருந்ததையும் சேர்த்தோம். நோயாளி பெயர், பொது மருத்துவமனை. வயது, நூற்றொன்று. கட்டில் எண் என்ற கட்டத்தில் சிஸ்டரம்மா சற்று யோசித்து ‘எல்லாம்’ என்று எழுதினார்.

செய்தி பரவியபோது ஊரார் வியந்ததாக எனக்கு நினைவில்லை, வருந்தினார்கள். மாலை நான்கு முதல் ஆறு வரையிலான பார்வையாளர் நேரத்தில், உள்ளே ஒருவரையும் தெரியாதவர்கள்கூட ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக வந்து, தூணடியில் வைத்துவிட்டு, “ராத்திரி தூங்குச்சா?” என்று என்னிடம் விசாரித்தார்கள். பெரிய டாக்டர் சீட்டு எழுத, கம்பவுண்டர் வாளியில் மருந்து கலக்கி அடிவாரத்தைச் சுற்றி வேளை தவறாமல் ஊற்றினார். மீனவர்கள் பழைய பாய்மரத் துணிகளைக் கடல்நீரில் நனைத்து மேல் சுவர்களில் பற்றுப்போட்டார்கள். அம்மையாக இருக்கும் என்று ஒரு சாரார் வாசலில் வேப்பிலை செருகினார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் ஓதி ஊதினார். மாதா கோவிலிலிருந்து மெழுகுவர்த்தி வந்தபோது, ஏற்கெனவே சுடுகிறவர் பக்கத்தில் நெருப்பு எதற்கு என்று சிஸ்டரம்மா அதைத் தள்ளி வைக்கச் சொன்னார். அம்மை இறங்கியபின் தலைக்கு ஊற்றும் மூன்றாம் தண்ணீரை எப்போது ஊற்றுவது என்று பெண்களுக்குள் பெரிய வாதமே நடந்தது.

ஆதாயம் தேடியவர்களும் உண்டு. ரொட்டிக்கடைக்காரர் மாவு சீக்கிரம் பொங்கும் என்று பாத்திரங்களைத் தெற்குச் சுவரோரம் வைத்தார். அடுத்த தெருப் பெண்ணொருத்தி மழைநாளில் ஈரத்துணியைக் கொண்டுவந்து தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் விரித்தபோது காவலாளி பிடித்துக்கொண்டார்.

“காய்ச்சக்காரன் முதுகுலயாம்மா பாவாடையைக் காயப்போடுவ?”

“சும்மா போற சூடுதானே அண்ணே?”

“அப்ப நாளைக்கு நீ காய்ச்சல்ல படு. நான் வந்து உன் முதுகுல அப்பளம் காயப்போடறேன்.”

அவள் துணியை வாரிக்கொண்டு, போகும்போது சுவரைத் தடவி, “கோவிச்சுக்காத சாமி” என்று சொல்லிப் போனாள்.

வைகாசி கடைசியில் பொதுப்பணிப் பொறியாளர் நல்லசிவம் அளவு நாடாவோடு வந்தார். சிஸ்டரம்மா அவரைக் கருங்கல்லின் முன் நிறுத்தி இரண்டாம் வரியைப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார், சுவரைத் தொட்டார், கையை உதறிக்கொண்டார்.

“எவ்வளவும்மா இருக்கு?”

“நூத்தி ரெண்டு.”

“சரிதான். முடியாதவங்களை எழுப்பி வெளியே தள்றதுக்கு நான் என்ன கடன்காரனா? குறைஞ்சதும் சொல்லி அனுப்புங்க,” என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஊரார் கண்ட மகிழ்ச்சி நல்ல மகிழ்ச்சியன்று என்பதை இப்போது அறிகிறேன். நோய் இருக்கும் வரை இடிக்க முடியாது என்று தெரிந்ததும் வாளி மருந்தில் தண்ணீர் கூடிற்று. பாய்த்துணிகள் காய்ந்தே தொங்கின. வருகிறவர்கள், “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்டு, நான் “நூத்தி மூணு” என்றால், முகம் மலர்ந்து, “நல்லது, நல்லது” என்றார்கள். எல்லோரிலும் அதிகம் மகிழ்ந்தவன் நான். எனக்கு வேறு வீடு கிடையாது.

ஆனியில், மூன்று மாதம் கால்முறிவுக்குப் படுத்திருந்த படகோட்டி சேசய்யா வீடு திரும்பினார். வாயாடி, வார்டு முழுவதையும் சிரிக்க வைத்தவர். அவருடைய மனைவி லூர்தம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொள்ள, அவர் கோலூன்றி வாசலில் நின்று, ஸ்டூலின் மேல் ஏறி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நோக்கிக் கையசைத்து, “சரி மக்கா, போயிட்டு வ—” என்பதற்குள் லூர்தம்மாளின் உள்ளங்கை அவர் வாயில் விழுந்தது.

“நாக்கா அது, நங்கூரமா? மறுபடியும் கால ஒடிச்சிக்கிட்டு இங்க வரணுமோ?”

அந்த அரைச் சொல் காற்றில் இருந்த நேரத்தில், நான் பார்த்துக்கொண்டே இருக்க, நூற்று நான்கில் நின்ற பாதரசம் நூற்றிரண்டரைக்கு இறங்கிற்று. சொல் முறிந்ததும் மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்தில் நின்றது.

எனக்கு விளங்கிவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கி, அட்டையில் ‘104’ என்று எழுதி, பேனாவை மூடினேன். பதினொரு நாள் எவரிடமும் அதைச் சொல்லவில்லை.

அப்பதினொரு நாளில் காய்ச்சல் நூற்றாறைத் தொட்டது. சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. உதிர்ந்த இடங்களில் நூறாண்டாக எவரும் காணாத மீனும் உளியும் நாடாவும் பிறையும் வெளிப்பட்டன. குழந்தைகள் வார்டில், குடற்காய்ச்சலில் கிடந்த மலர்க்கொடி என்னும் நான்கு வயதுச் சிறுமிக்கு, அறையே அடுப்பாகிவிட்டதால், என்ன கொடுத்தும் சூடு இறங்கவில்லை. விதியின்படி அவளையும் இடம் பெயர்க்க முடியாது. அவளுடைய தகப்பனார், இரு கையாலும் விசிறிக்கொண்டு, என்னைக் கண்டதும், “அண்ணே, சுவரு எப்ப ஆறும்?” என்று கேட்டார். நான் கழுவறைக்குச் சென்று முகத்தைக் கழுவிக்கொண்டு சிஸ்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறந்த ஏழாம் நாள் எனக்குப் பால் புகட்டிய பெண்மணி அவர். அன்று அவருக்கு இருபத்து மூன்று வயதாம்.

“உனக்கு இடம் இல்லாமப் போயிடும்னு இதைச் சுட வச்சிக்கிட்டு இருந்தியாடா?”

“ஆமா சிஸ்டரம்மா.”

“தீராம இருக்கணும்னு நினைச்சு ஒரு நோயாளியைப் பார்த்துக்கிட்டா, அதுக்குப் பேரு என்ன?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

“சரி, இப்பவே வாசலுக்குப் போ. சொல்லு.”

“நான் எப்படிச் சொல்றது? நான் இன்னும் இங்கதான அட்மிட் ஆகியிருக்கேன்? போறவங்கதான சொல்லணும்?”

அவர் பதிவேட்டு அலமாரியைத் திறந்தார். முப்பதாண்டுக்கு முந்தைய ஏட்டை எடுத்துத் தூசி தட்டி ஏழாம் கட்டில் குழந்தையின் பக்கத்தை விரித்தார். ஊழியர் எவரும் கையொப்பமிடக் கூடாது என்பதால், சேசய்யாவை அழைத்துவர ஆள் போயிற்று. அவர் கோலை ஊன்றி வந்து, செய்தி கேட்டு, “முப்பது வருசமா டிஸ்சார்ஜ் ஆகாத நோயாளியா நீ! உன்ன நம்பியா நான் மூணு மாசம் படுத்துக் கிடந்தேன்?” என்றார். பேனாவை வாங்கிக் கையொப்பம் போட்டார்.

“உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?” என்றார் சிஸ்டரம்மா.

“எனக்கு பெட்பான் வச்சி எடுத்தவன். அதுக்கு என்ன உறவுன்னு நீங்களே பாத்துப் போடுங்க.”

பின்னால் நின்ற லூர்தம்மாள், “தம்பின்னு போடுங்க சிஸ்டர். என் தம்பி. இவருக்கு மச்சினன். இனிமே இவரு அவன வாய்க்கு வந்தபடி பேசலாம், யாரும் கேக்க முடியாது” என்றார்.

ஆடி மாதத்து ஒரு முற்பகல், ஒரு துணி மூட்டையுடன் நான் அம்மருத்துவமனையின் வாசற்படியை, நோயாளியாக, முதன்முறையாக இறங்கினேன். ஊர் கூடி நின்றது. அச்சொல்லைச் சொல்பவன் அங்கேயே விழுந்து கிடப்பான் என்று பலர் நம்பினார்கள். ஒருவர் எனக்காக ஸ்ட்ரெச்சரைக்கூட வெளியே இழுத்து வைத்திருந்தார். நான் திரும்பி நின்றேன். எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. ஏழாம் கட்டிலுக்கு நேரான ஜன்னலைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்றேன்.

ஸ்டூலின் மேல் நின்ற சிஸ்டரம்மாவின் குரல் உள்ளிருந்து கேட்டது: “நூத்தி அஞ்சு!”

நான் விழவில்லை. அதைக் கண்ட லூர்தம்மாள், அங்கே நான்கு பிள்ளை பெற்றவர், முந்தானையை இழுத்துச் செருகி முன்னே வந்து, “நாலு தடவையும் சொல்லாமப் போயிட்டேன். போயிட்டு வரேன்” என்றார். சேசய்யா தாம் பாதியில் விட்ட சொல்லை முழுதாகச் சொன்னார். தாழ்வாரத்தில் துணி விரித்த பெண் பாவாடையோடு வந்து சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், படகுத்துறை வரை நீண்ட வரிசையில், பிறந்தவர்களும் பிழைத்தவர்களும், இறந்தவர்களின் சார்பில் அவர்களுடைய பிள்ளைகளும், ஒருவர் பின் ஒருவராக வந்து, வேப்பிலை வாடிக் கிடந்த வாசலில் நின்று, சிலர் உரக்கவும் சிலர் உதட்டுக்குள்ளும், நூற்றோராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிப் போனார்கள். இரண்டாம் நாள் மலர்க்கொடிக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் அவள் தூணடியிலிருந்த ரொட்டியைக் காட்டி, அது யாருக்கு என்று கேட்டாள். அது கட்டடத்துக்கு என்று அவளுடைய தகப்பனார் சொல்ல, “அதுக்குத்தான் வாயே இல்லையே” என்று வாங்கித் தின்றாள். நான்காம் நாள் காலை பாதரசம் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கில் வந்து நின்றது.

மறைக்காமல் பொறியாளருக்குச் சொல்லி அனுப்பினோம். நோயாளிகள் ஒவ்வொருவராகப் புதிய கட்டடத்துக்குப் போனார்கள். நல்லசிவம் லாரிகளோடு வந்தார். சிஸ்டரம்மா அவரை மீண்டும் கருங்கல்லின் முன் நிறுத்தி மூன்றாம் வரியைக் காட்டினார்.

“குணமாயிடுச்சு. இல்லேங்கல. ஆனா அழைச்சிட்டுப் போறவங்க வசம்தான் ஒப்படைக்கணும். நீங்க அழைச்சிட்டுப் போறவரா?”

“நான் இடிக்கிறவன்மா.”

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

பதிவேடு வாசலிலேயே மேசை போட்டு விரிக்கப்பட்டது. ஊழியர் கையொப்பமிடக் கூடாதாகையால், காக்கி உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் கையொப்பமிட்டேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்தபோது சிஸ்டரம்மா எதுவும் கேட்கவில்லை. பேனாவை என்னிடமே தந்தார். எழுதினேன். நல்லசிவம் தலையைச் சாய்த்து அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

அதன்பின் ஊர், நூற்றோராண்டுக்கு முன் வந்த வழியே, கல் கல்லாகக் கழற்றித் தலையிலும் தோளிலும் சுமந்து சென்றது. மீன் கொத்திய கல் மீன்காரர் வீட்டுக்கும், உளி தச்சர் வீட்டுக்கும், பிறை மரைக்காயர் வீட்டுக்கும் போயின. அடையாளம் ஏதும் கொத்தாத கல் ஒன்று எஞ்சிற்று. வீடில்லாத யாரோ கொண்டுவந்ததாயிருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். சேசய்யா வீட்டுப் பின்கட்டில் எனக்கென்று எழுப்பிய அறையின் சுவரில், என் தலைமாட்டில், இன்றும் அது இருக்கிறது. எழுந்ததும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்தே இருக்கிறது. புதிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர் வாசலில் நின்று ‘போயிட்டு வரேன்’ என்று சொல்வதைக் கேட்டு வெளியூர்த் தமிழர்கள் திடுக்கிட்டு வாயைப் பொத்துகிறார்கள். எங்கள் ஊரார் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கம் என்னிடம் உள்ளது. அதன் கடைசி வரி வருமாறு: நோயாளி, பொது மருத்துவமனை; வயது, நூற்றொன்று; நிலை, குணம்; அழைத்துச் செல்பவர், செ. அருமைநாயகம்; உறவு, மகன்; நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்டு ஒன்பது, பரிதாபி ஆண்டு ஆடி இருபத்தைந்து, புதன்கிழமை.